டிகாஷன் இறங்கும் நேரம்

முப்பத்தோரு வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கணக்கு நோட்டில் சிவப்பு மையால் தப்புப் போட்டவள் வேதநாயகி. அவளுடைய ஃபில்டருக்கே தப்புப் போட்டு அனுப்பியிருந்தான் அவள் பெற்ற பிள்ளை தியாகு. போனைத் திறந்தால் அந்தப் படம்தான் முதலில் வந்து நிற்கிறது. ஐந்து கட்டம் போட்டு, காப்பி போடும் சாமான் ஐந்து. கூஜாவுக்கு இடுப்புப் பிடித்தாற்போல ஒன்று, மொக்காவாம், தப்பு. கண்ணாடிக் குவளையில் கம்பி விட்டு அமுக்குவது, பிரெஞ்சுக்காரன் பெயர் ஏதோ சொன்னான், அதுவும் தப்பு. பொடியை அப்படியே கொதிக்கவிட்டு வடிகட்டுவது, தப்பு. நாலாவது கட்டத்தில் எவர்சில்வர் ஃபில்டர். ஊரில் எத்தனையோ ஃபில்டர் இருக்க, அவளுடையதையே போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறான், மூடியில் நசுங்கின இடம்கூடத் தெரிகிறது, அதன்மேல் மூலைக்கு மூலை சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. அவ்வளவு பெரிதாக அவள் எந்தப் பிள்ளைக்கும் போட்டதில்லை. ஓரத்தில் சின்னதாகச் சுழித்துவிட்டுப் பக்கத்திலேயே சரியான வழியையும் எழுதிக் கொடுப்பாள். ஐந்தாவது கட்டத்தில் பீங்கான் கூம்பு, அதற்குள் தாள், பச்சையில் சரி. அடியில் 'அம்மா, ப்ளீஸ், இனிமே இது மட்டும்' என்று ஒரு வரி. ப்ளீஸாம். தலையில் குட்டிவிட்டுத் தடவிக்கொடுப்பது பெங்களூரில் படித்துக்கொண்டது போலிருக்கிறது.

மணி மூன்றாகப் பத்து நிமிஷம். சமையல்கட்டு மேடையில் இந்தப் பக்கம் ஃபில்டர், அந்தப் பக்கம் தியாகு வாங்கிவைத்துவிட்டுப் போன கூம்பும் தாள் கட்டும். மூன்றரைக்குக் கலியமூர்த்தி எழுந்து வருவார். நெஞ்சு அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துக் கூட்டிவந்து இன்றைக்கு எட்டாவது நாள்; இன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு காப்பி குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முதல் காப்பி. அதை எதில் போடுவது? கூம்பில் போட்டால், ஆமாம், இத்தனை வருஷம் நான் ஊற்றிக் கொடுத்ததுதான் இவரைப் படுக்கவைத்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. ஃபில்டரில் போட்டால், கட்டினவர் உயிரைவிட இவளுக்கு வீம்பு பெரிது என்று ஆகும். நாலு மணிக்குத் தியாகு வீடியோவில் வந்து எதில் போட்டாய் என்று கேட்பான். கேட்கட்டும். அவளுக்கே பதில் தெரியவில்லை, ஏனென்றால் பொடியை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றியாகிவிட்டது, அதைக் கை பழக்கத்தில் செய்ததா வீம்பில் செய்ததா என்று யோசித்துப் பார்த்தால் இரண்டும் கலந்துதான் இருக்கிறது.

அதுவும் இறங்கித் தொலையவில்லை. பொடிக்குமேல் வைத்து அமுக்குகிற தட்டு, நடுவில் காம்போடு இருக்குமே, குடை, அதை ஆத்திரத்தில் ஓங்கி அமுக்கிவிட்டாள். புதுப்பெண்டாட்டி செய்கிற தப்பு அது. பொடியைத் தட்டிப் பரப்பி, குடையைப் பட்டும் படாமலும் வைக்கவேண்டும் என்று அவளே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஓட்டையெல்லாம் அடைபடாமல் இருக்க வாரம் ஒருமுறை அடித்தட்டை அடுப்பில் காட்டிக் கண் திறந்து வைப்பவள், இன்றைக்கு இப்படி. கரண்டிக் காம்பால் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். காதை வைத்துக் கேட்டாள். ஒரு சொட்டு. அப்புறம் வெகுநேரம் கழித்து இன்னொரு சொட்டு. மேலடுக்கைத் தூக்கிப் பார்த்தால் கீழே ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. தாள் கட்டைப் பிரித்தாள். அதிலும் இரண்டு தினுசு, வெள்ளை ஒன்று, மங்கலாகக் காவி ஒன்று. காவிதான் ரசாயனம் போடாததாம், ஆனால் தாள் வாடை அடிக்குமாம், முதலில் வெந்நீர் ஊற்றி நனைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டுமாம். ஒருதரம் போட்டதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். பொடியும் வேறே, கொஞ்சம் கரகரப்பாக, சிக்கரி இல்லாமல். சிக்கரி இல்லாத காப்பி, தாளில் வடித்த காப்பி. சாமிக்குப் படைக்கிற மாதிரி இத்தனை ஆசாரம். வெள்ளையா காவியா என்று மட்டும் அவளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறான். பெரிய மனசு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தியாகு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். டேபிளில் இரண்டு ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பக்கம் பக்கமாக வைத்தான், ஒன்று அப்பாவுடையது, ஒன்று அவளுடையது. அப்பாவுக்கு எடுக்கும்போது கூடவே உனக்கும் எடுத்துவிடலாம் என்று அவன்தான் ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்து உட்காரவைத்தான், பிள்ளைக்கு அம்மாமேல் எவ்வளவு அக்கறை என்று அவளும் நெகிழ்ந்துபோய்க் கையை நீட்டினாள். "பாரும்மா. கொழுப்பு ஒனக்கு நூத்தி அறுபத்தஞ்சு. அப்பாவுக்கு எரநூத்தி எழுபது. ஒரே வீடு, ஒரே எண்ணெய், ஒரே சாப்பாடு. அப்ப என்ன வித்தியாசம்? காப்பிக்கொட்டையில ஒரு எண்ணெய் இருக்கு, கொழுப்ப ஏத்துறது. தகடுல வடிச்சா அப்படியே எறங்கிடும், தாள்னா புடிச்சுக்கும். அப்பா முப்பத்தஞ்சு வருஷமா மொத டிகாஷன், திக்கா. நீ குடிக்கிறது ரெண்டாவது. ஒனக்கு ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான் விஷயம்." அவ்வளவுதான் விஷயம். இரண்டு ஆளை வைத்துக்கொண்டு ஒரு தேற்றத்தை நிரூபித்துவிட்டான், கணக்கு டீச்சர் மகன். ஏன்டா, உன் அப்பா சர்வேயர் வேலையில் ஊர் ஊராகப் போய் ஓட்டல் ஓட்டலாகத் தின்ற நெய்ப் பொங்கல் எந்தக் கணக்கில் சேர்ந்தது? பீடியை விட்டு இருபது வருஷம் ஆகிறது, அதற்கு முன்னால் பிடித்ததெல்லாம் எங்கே போயிற்று? மாலையானால் மிக்சர் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிற ஆள் அவர், அவள் அதே நேரத்தில் நாற்பது நோட்டுத் திருத்துவாள். ஒரே சாப்பாடாம். கேட்டிருக்கலாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது அவளுக்குத் தெரிந்த பழமொழிதான், ஆனால் தன்மேல் வந்து விழும்போது ஆளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கலியமூர்த்தி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். வெற்றிலை போடுவதை நிறுத்தச் சொல்லியிருந்ததால் வாயில் எதுவும் இல்லை, பேசியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அவளைக் குத்தினது காப்பி எண்ணெய்கூட இல்லை. நீ குடிக்கிறது ரெண்டாவது என்றானே, அது. அப்படியானால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் காலையில் மாமியார் காட்டிக் கொடுத்த வழக்கம். முதலில் இறங்குகிற கெட்டி டிகாஷன் ஆம்பளைகளுக்கும் வந்தவர் போனவர்களுக்கும்; அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இறங்குமே வெளுத்த தண்ணி, அது பொம்பளைகளுக்கு. யாரும் சண்டை போட்டுச் சொல்லவில்லை, மாமியாரும் அதைத்தான் குடித்தார், ஊரில் பாதி வீட்டில் இதுதான் நடப்பு. வீட்டில் ஏழு பேர், ஃபில்டர் ஒன்று. சரி. மாமியார் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, வீட்டில் இரண்டே பேர், பொடிக்கா பஞ்சம்? அப்புறமும் ஏன் குடித்தாள்? இந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு நின்றுபோகிறது, நாலு நாளாக இங்கேதான் வந்து நிற்கிறது. தன் டம்ளர் வெளுப்பாக இருக்கிறது என்று யாராவது ஒருநாள் கேட்பார்கள் என்று காத்திருந்தாளோ? சீ, அப்படியெல்லாம் இல்லை, கை பழகிவிட்டது. இல்லை, காத்திருந்தாள்தான். யாருக்கும் கண்ணில் படவில்லை என்று நினைத்துத்தான் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். பார்க்காதவர்கள்மேல் என்ன கோபப்படுவது? இப்போது பார்த்தால் பிள்ளை பார்த்துக்கொண்டேதான் வளர்ந்திருக்கிறான். முப்பத்து மூன்று வயசு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்காதவன், அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிய அன்றைக்கு அதைக் கச்சிதமாக எடுத்து டேபிளில் வைக்கிறான். அவள் விட்டுக்கொடுத்ததே அவள்மேல் குற்றமாகிவிட்டது. நல்லதை எல்லாம் அவருக்கு ஊற்றினாய், அதனால் நீ நன்றாயிருக்கிறாய், அவர் படுத்துவிட்டார். இதற்கு மேல் ஒரு அநியாயம் உண்டா என்று அவள் நிஜமாகவே தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை.

இன்னொரு சொட்டு விழுந்தது. நாத்தனார் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவள், ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு, "கரண்டி நிக்கிற மாதிரி அவ்வளவு திக்கா குடுப்பியளா அண்ணி, மனுஷன் ஒடம்பு தாங்குமா?" என்றாள். அடி இவளே, வருகிறபோதெல்லாம் அண்ணி கைக் காப்பி மாதிரி வராது என்று இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தது எந்த வாய்? குடிக்கும்போது அமிர்தம், படுத்தபின் விஷம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் அதற்குப் பின்னால் அந்தப் புதன்கிழமைக் காலை வந்துவிடுகிறது, அதை அவள் வரவிடுவதே இல்லை, குறுக்கே ஏதாவது கோபத்தைப் போட்டு அடைத்துவிடுவாள். ஆறரை மணி. தலை கனமாக இருக்கிறது, கொஞ்சம் தூக்கலாகப் போடு வேதா என்றார். போட்டாள். புதுப்பொடி, பாலும் அன்றைக்கு நல்ல பால். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "நெஞ்ச என்னமோ பண்ணுது." நெற்றியெல்லாம் வேர்வை. ஆட்டோவைப் பிடித்து, ஆஸ்பத்திரி போய், எல்லாம் ஆகி அவள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அந்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது, ஆடை கட்டி. அதைக் கழுவிக் கவிழ்த்தாள். தூக்கலாகப் போட்டேன் என்று அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. தியாகு சொல்வதற்கு முன்னால் அவளே தனக்குச் சொல்லியாகிவிட்டது. அதனால்தான் அவன் சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டதோ என்னவோ.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு அவள் தனியாக டாக்டர் அறைக்குள் போய்க் கேட்டாள். காப்பியால் வருமா சார்? அவர் சிரித்தார். "ஒரு காப்பியில ஒரு நாள்ல அடைப்பு வராதும்மா. வயசு, பரம்பரை, புகை, சாப்பாடு, எல்லாம் சேந்துதான். தாள் ஃபில்டர்ல போட்டுக் குடுத்தா நல்லதுதான், குடுங்க." இதைத் தியாகுவிடம் சொன்னால் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டான். நல்லதுதான்னு சொன்னாரா இல்லையா? சொன்னார். அதுதான் எரிச்சல். பொய் சொன்னான் என்றால் கூம்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிடலாம். அவளும் போனில் தேடிப் படித்துப் பார்த்துவிட்டாள். தாள் அந்த எண்ணெயைப் பிடித்துக்கொள்வது உண்மைதான். உண்மையைச் சொல்லும்போதே ஒருவன் அநியாயமும் பண்ண முடியும் என்பது அவளுக்கு அறுபத்தோரு வயசில் புதுப்பாடம். கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தாள். வைத்துவிட்டு, ஏன் வைத்தாள் என்று நின்றாள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

கலியமூர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, சமையல்கட்டு வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பதினைந்து நாளில் கழுத்து மெலிந்துவிட்டது. மேடையைப் பார்த்தார். "என்னா வேதா, ரெண்டு கடை போட்டுருக்கே?" என்றார்.

அவள் திரும்பவில்லை. நாலு நாளாக எப்படிக் கேட்பது என்று எத்தனையோ விதமாக அடுக்கி வைத்திருந்தாள், வாயைத் திறந்தால் மொட்டையாகத்தான் வந்தது. "எங் காப்பியாலதான் ஒங்களுக்கு இப்புடி ஆச்சுன்னு நீங்களும் நெனைக்கிறீங்களா?"

"யாரு சொன்னா?"

"ஒங்க மவன் சொன்னான். நீங்க பக்கத்துலதான் ஒக்காந்துருந்தீங்க."

"அட, அவன் கெடக்குறான்."

மூன்று வார்த்தை. இதற்காகவா நாலு நாள்? "அத அன்னிக்கு அவங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருக்கலாம்தான்" என்றார். நியாயமாகவே யோசித்தார். "மாத்திரை போட்டா தூக்கமா வருது."

அதோடு விட்டிருக்கலாம். தண்ணீர் கொதித்து கெட்டில் தானாக அணைந்தது, அந்தச் சத்தத்தோடு சேர்ந்து அவள் வாயும் கேட்டுவிட்டது. "நான் ரெண்டாவதுதான் குடிக்கிறேன்னு சொன்னானே. அதாவது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னா, தெரியும்." அவர் முகத்தில் சந்தோஷம்கூட வந்தது, தெரிந்த கேள்வி வந்த பையன் முகம் மாதிரி. "ஒருநாளு ஸ்கூலுக்கு லேட்டாச்சுன்னு பாதி டம்ளர வச்சுட்டு ஓடிட்டே. வீணாப் போவுதேன்னு எடுத்து ஒரு வாய் குடிச்சேன். முழுங்க முடியல, துப்பிட்டேன். காப்பியா அது? கழனித்தண்ணி." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஜாக்கிரதையாகச் சிரித்தார்.

"எப்ப?"

"அது ஆச்சு. தியாகு அப்ப ஒம்பதாவது."

முப்பத்து மூன்றில் பதினாலு போனால் பத்தொன்பது. கழிக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, தலை கழித்துவிட்டது. "அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கணும்னு தோணலையா?"

"என்னத்த?" என்றார் கலியமூர்த்தி. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

கத்தவேண்டும்போல் இருந்தது, எட்டு நாள் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆளிடம் எப்படிக் கத்துவது? அழுகை வரவில்லை, அதில் ஒரு திருப்தி. ஆனால் தூக்கலாகப் போட்டேன், தூக்கலாகப் போட்டேன் என்று பதினைந்து நாளாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது நின்றுபோயிருந்தது. கேட்டார், கொடுத்தாள். கேட்டதைக் கொடுத்ததற்கு மேல் அவள் ஒன்றும் செய்துவிடவில்லை. துப்பினவரே அதைப்பற்றி ஒரு நாள்கூடத் தூக்கம் கெடாமல் பத்தொன்பது வருஷம் இருந்தார் என்றால், அவள் மட்டும் எதற்காகப் பயந்து சாகவேண்டும்? கூம்பை எடுத்து ஒரு கிண்ணத்தின்மேல் வைத்தாள். வெள்ளைத் தாள். மடித்துப் போட்டு, வெந்நீரில் நனைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, தியாகு வாங்கி வைத்த பொடியைப் போட்டு, அவன் சொன்னபடியே நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி மெதுவாக ஊற்றினாள். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை அவள். ஆடை எடுத்த பால், சர்க்கரை இல்லாமல். ஆற்றிக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள்.

"ஒங்களுக்கு இனிமே இதுதான்."

அவர் ஒரு வாய் குடித்தார். "லேசா இருக்கு. பரவால்ல." அவள் மறுபடி மேடைக்குப் போவதைப் பார்த்து, "ஒனக்கு?" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பற்றிக்கொண்டு வந்தது.

ஃபில்டரின் மேலடுக்கைத் தூக்கினாள். இத்தனை நேரம் சண்டித்தனம் பண்ணினது, கீழடுக்கில் முக்கால்வாசிக்குக் கறுப்பாக இறங்கி நின்றது. மெதுவாக இறங்கினதால் இன்னும் கெட்டி. அத்தனையையும் தன் டம்ளரில் ஊற்றினாள். பால், நன்றாக இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போன் அடித்தது, தியாகுவின் முகம் திரையில் குதித்தது, அடித்து ஓய்ந்தது. இத்தனை வருஷமும் முதல் டிகாஷனை ருசி பார்க்க நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டதோடு சரி, முழு டம்ளராக அவள் குடித்ததில்லை. முதல் வாய் தொண்டையில் இறங்கியபோது மூக்கு வரைக்கும் வாசனை ஏறியது, பின்னாலேயே கசப்பு, அதற்குப் பின்னால் ஒரு தித்திப்பு. இவ்வளவு நன்றாகவா போட்டுக்கொண்டிருந்தேன்? அக்கம்பக்கம், நாத்தனார், இவருடைய ஆபீஸ்காரர்கள், அத்தனை பேருக்கும் தெரிந்த வேதநாயகி கைக் காப்பி இதுதான். போட்டவளைத் தவிர எல்லோரும் குடித்திருக்கிறார்கள். ஆத்திரம் ஆறவில்லை, ஒவ்வொரு வாய்க்கும் கூடியது. கடைசிவரை குடித்தாள்.

எழுந்து மேலடுக்கைக் கையில் எடுத்தாள். பொடி இன்னும் சூடாக, கறுப்பாக, கனமாக இருந்தது. குடையை வெளியே இழுத்தாள்.

"இன்னொருதரம் எறங்குமே வேதா" என்றார் கலியமூர்த்தி.

"எறங்கும்" என்று சொல்லி, குப்பைக்கூடையில் கவிழ்த்துத் தட்டினாள்.